சிரிப்பில் செய்தி சொன்ன பாரதியார்

பாரதியார் என்றவுடன் முண்டாசும் முறுக்கிய மீசையும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. நம் பகுதிக் குழந்தைகள் ஆண்டு விழா மேடையேறி அவர் பாடல்களை மழலை மாறாமல் பாடக் கேட்கும்போது, பிறந்த ஊரை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறை கடந்த பின்னும் தாய்மொழி நம் இல்லங்களில் குடியிருக்கிறதே என்று நாம் நெஞ்சம் நெகிழ்கிறோம். அது தக்கதே. ஆயினும் அப்பெருமகனார் வயிற்றுப்பாட்டுக்கென்று செய்த தொழில் கவி பாடுவதன்று, பத்திரிகை எழுதுவதே. கவிஞராக அவரைப் போற்றிப் போற்றிப் பத்திரிகையாளராக அவரை மறந்தே போனோம் என்று சொன்னால் மிகையாகாது. அதிலும், செய்தியைச் சிரிப்போடு சேர்த்துத் தந்த பத்திரிகையாளராக அவரை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

இவ்வாண்டு மலருக்கு இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒக்கலிபுரத்தில் மாலை வேளையில் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கு நடைபெறுகிறது. பெரியவர் செய்தித்தாளை விரித்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார். பேரனோ கைப்பேசியை எடுத்து, யாரோ ஒருவர் செய்தி வாசிப்பவர்போல் அமர்ந்து அமைச்சர்களையும் செய்தித் தொலைக்காட்சிகளையும் ஒருசேர நையாண்டி செய்வதைக் கேட்டுச் சிரிக்கிறான். அன்றைய அரசியலை அதிலிருந்தே அறிந்துகொள்கிறான். கூத்தைப் பார்த்து நாட்டு நடப்பை அறிவதாவது என்று பெரியவருக்குச் சினம். உங்கள் தாளில் இது வரவில்லையே என்று பேரனுக்கு ஏளனம். அமெரிக்காவில் ஜான் ஸ்டூவர்ட் என்பவர் 1999 முதல் 2015 வரை நடத்திய இத்தகைய தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றியும் இதே வழக்கு அங்கே நடந்தது. நகைச்சுவையாளரிடமிருந்தா இளைஞர் செய்தி கற்பது என்று பேராசிரியர்கள் ஆராய்ந்து நூல்களே எழுதினர். தமிழில் சோ ராமசாமி 1970-இல் 'துக்ளக்' தொடங்கியபோதும் இப்படிப்பட்ட பேச்சு எழாமல் இல்லை.

நமக்கோ இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அன்று. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிணக்கினால் இந்நகரம் கலங்கிய நாட்களில், காதில் விழுந்ததெல்லாம் செய்தியாக, கதவைத் தாழிட்டுக்கொண்டு விடியும்வரை விழித்திருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. செய்தி எது, கேலி எது, புரளி எது என்று பிரித்தறிவது நமக்கு உயிரைத் தொட்ட காரியம். ஆகவே, கேலியைக் கருவியாகக் கொண்டு செய்தி சொன்ன ஒருவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், அதற்கு யார் என்ன விலை கொடுத்தனர் என்பதை இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

சுப்பிரமணியன் எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் பிறந்ததும், ஐந்து வயதில் தாயை இழந்ததும், பதினொரு வயதளவில் அரசவைப் புலவர்களால் பாரதி என்ற பட்டம் பெற்றதும், 1897-இல் செல்லம்மாளை மணந்ததும் நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. தந்தையார் மறைந்தபின் காசியில் சில ஆண்டுகள் தங்கி வடமொழியும் இந்தியும் கற்றார். பின்பு எட்டயபுரம் அரண்மனையில் சிறிது காலம் பணியாற்றினார். அந்த அரண்மனை வாழ்வு அவருக்கு ஒத்துவரவில்லை. பிற்காலத்தில் 'சின்னச் சங்கரன் கதை' என்னும் முற்றுப்பெறாத கேலிக்கதையில் அவ்வாழ்வைப் படம் பிடித்து வைத்தார். 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக மூன்று திங்கள் அளவே பணி செய்தார். அவ்வாண்டு நவம்பரில் சென்னைக்கு வந்து 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவியாசிரியரானார்.

அவ்விதழின் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர், 1878-இல் 'இந்து' பத்திரிகையைத் தோற்றுவித்தோருள் ஒருவர். கைம்பெண்ணாகிவிட்ட தம் மகளுக்கு ஊர்ப்பகையைப் பொருட்படுத்தாமல் மறுமணம் செய்துவைத்த அஞ்சா நெஞ்சர். அவரிடம் பாரதியார் பெற்ற வேலை கவிஞருக்குரிய வேலையன்று. கடல் கடந்து வரும் தந்திச் செய்திகளையும் ஆங்கிலச் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்க வேண்டும், அச்சுக்கோப்பவர் காத்திருப்பார், சொல் கிடைக்கவில்லை என்று நின்றால் இதழ் நின்றுவிடும். இன்று நாம் எளிதாக வழங்கும் அரசியற் சொற்கள் பல அந்நாளில் தமிழில் இல்லை. இந்த அடிமை வேலையே (அப்படித்தான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும்) அவருக்கு உலக அரசியலைக் கற்பித்த கல்லூரியாயிற்று. ஒரே நிகழ்ச்சியை இலண்டன் எப்படிச் சொல்கிறது, கல்கத்தா எப்படிச் சொல்கிறது, சென்னையிலுள்ள வெள்ளையர் பத்திரிகை எப்படிச் சொல்கிறது என்று பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கே ஏற்பட்டது. பத்திரிகையைப் படிப்பவன் பத்திரிகையை நம்புவான். பத்திரிகையை மொழிபெயர்ப்பவன் அவ்வளவு எளிதில் நம்பமாட்டான்.

வங்கப் பிரிவினை நடந்தது 1905-இல். நாடெங்கும் சுதேசிக் கிளர்ச்சி மூண்டது. சுதேசமித்திரனின் நிதானமான நடை இளைஞரான பாரதியாருக்குப் போதவில்லை. 1906 மே மாதத்தில் 'இந்தியா' என்னும் வார இதழ் சென்னையில் தோன்றியது. அதன் எழுத்துப் பொறுப்பு பாரதியாரிடம் வந்தது.

இவ்விடத்தில் நம் பெங்களூர் வாசகர்கள் சற்று நிமிர்ந்து உட்காரலாம். அவ்விதழுக்குப் பொருளுதவி செய்து நடத்தியவர்கள் மண்டயம் குடும்பத்தார். மண்டயம் ஐயங்கார்கள் பல தலைமுறைகளாக மைசூர் நாட்டில் குடியேறி, வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசி வாழ்ந்தவர்கள். நம்மைப்போல் வந்தேறியவர்கள், நமக்கு மிகவும் முந்தி வந்தவர்கள். எஸ். என். திருமலாச்சாரியார் இதழின் உரிமையாளர். அக்குடும்பத்து ஸ்ரீநிவாஸாச்சாரியார் பின்பு புதுச்சேரியில் பாரதியாருக்கு உற்ற துணையாக விளங்கினார். அவர் மகள் யதுகிரி அம்மாள், சிறுமியாக இருந்து கண்ட பாரதியாரைப் பற்றி எழுதிய நினைவு நூல் பலரும் அறிந்ததே. யதுகிரி என்பது வேறெதுவுமன்று, நம் மேல்கோட்டையின் பெயர்தான். தமிழ்நாட்டின் தலைசிறந்த தேசியப் பத்திரிகைக்குப் பின்னால் கன்னட நாட்டுத் தமிழரின் பணப்பை இருந்தது என்பது நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

'இந்தியா' இதழின் முகப்பில் பிரெஞ்சுப் புரட்சியின் மும்மொழிகளாகிய சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பவை பொறிக்கப்பெற்றன. அதைவிட மக்கள் கண்ணைக் கவர்ந்தது அதில் வந்த கேலிச்சித்திரம். இலண்டனில் 1841-இல் தோன்றிய 'பஞ்ச்' இதழ் இக்கலையை உலகெங்கும் பரப்பியிருந்தது. நம் நாட்டிலும் இலட்சுமணபுரியில் 1877-இல் 'அவத் பஞ்ச்' என்ற உருது இதழ் தோன்றிப் புகழ்பெற்றது. பம்பாயில் 'இந்தி பஞ்ச்' இருந்தது. தமிழில் அரசியற் கேலிச்சித்திரத்தை முதன்முதலாக முறையாக வெளியிட்ட இதழ் என்னும் பெருமை 'இந்தியா'வுக்கே உரியது. வரைந்தவர் பெயர் படத்தில் இராது. கருத்து ஆசிரியருடையது, கோடு வேறொருவருடையது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவு. ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் திண்ணையில் அமர்ந்து கேட்பதே அந்நாளைய செய்தி வாசிப்பு. அப்பத்துப் பேருக்கும் ஒரு படம் கைமாறிச் செல்லும். ஆனால் படத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளும் பழக்கம் நம்மவரிடம் இன்னும் வரவில்லை. இது யார், அது எந்த மிருகம், ஏன் இப்படி நிற்கிறது என்று கேட்பார்கள். எனவே பாரதியார் படத்தோடு விளக்கமும் எழுதிச் சேர்த்தார். வங்கப் பிரிவினை, வ. உ. சிதம்பரம் பிள்ளையின் கப்பல் கம்பெனி, பஞ்ச காலத்திலும் தானியம் வெளிநாடு செல்லும் கொடுமை, மிதவாதத் தலைவர்கள் அரசாங்கத்தின் கதவடியில் காத்துக் கிடப்பது எனப் பொருள்கள் பல. விளக்கத்தைப் படிப்பவன் கேலியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டாக வேண்டும். ஆகவே அந்த விளக்கமே செய்தியாயிற்று. சிரிக்க வந்தவன் செய்தி கற்றுக்கொண்டு போனான். நம் வீட்டுப் பேரனைப் பற்றிப் பெரியவர்கள் கொள்ளும் ஐயத்துக்கு இதில் ஓரளவு விடை இருப்பதாக நாம் கருதுகிறோம். முழு விடை அன்று. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

பிற பத்திரிகைகளைப் பற்றி எழுதுவதும் 'இந்தியா'வின் இயல்பான வேலையாக இருந்தது. வெள்ளையர் நடத்திய 'மதராஸ் மெயில்' முதலியவை என்ன எழுதின, எதை எழுதாமல் விட்டன, நம்மவர் நடத்தும் 'இந்து'வும் 'சுதேசமித்திர'னும் எங்கே குரலைத் தாழ்த்தின என்றெல்லாம் எடுத்துக்காட்டி இடித்துரைப்பார். தாம் சம்பளம் வாங்கிய இதழென்றும், தமக்குத் தொழில் கற்பித்த ஆசிரியரென்றும் தயங்கவில்லை. 1907 டிசம்பரில் சூரத்தில் கூடிய காங்கிரஸ் நாற்காலி வீச்சிலும் செருப்பு வீச்சிலும் முடிந்து இரண்டாகப் பிளந்தது. யார் முதலில் கலகம் செய்தார்கள் என்பதில் பத்திரிகைக்கொரு கதை. பாரதியார் திலகர் பக்கத்தவராகத் தாமே சூரத்துக்குச் சென்றிருந்தவர். திரும்பி வந்து 'எங்கள் காங்கிரஸ் யாத்திரை' என்று சிறு நூலே வெளியிட்டார். கண்ணால் கண்டவர் எழுதியதாயினும் அது ஒரு கட்சிக்காரர் எழுதியது என்பதையும் நாம் மறக்கலாகாது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

கேலிச்சித்திரத்தைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்று அவரிடம் இருந்தது. அது பாட்டு. 1908-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரம் பிள்ளை அவர்களுக்குத் துணைநின்றார். மார்ச்சு மாதத்தில் திருநெல்வேலி ஆட்சித் தலைவர் விஞ்ச் அவரை அழைத்து மிரட்டினார், பிள்ளை பணியவில்லை, சிறைப்பட்டார். மறுநாள், மார்ச்சு 13-ஆம் தேதி, நெல்லையில் பெருங்கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. இவையெல்லாம் செய்தித்தாள்களில் வந்தன. ஆனால் ஆட்சித் தலைவரின் அறைக்குள் நடந்த அந்த உரையாடலைப் பாரதியார் எப்படிச் சொன்னார் தெரியுமா? கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எடுத்துக்கொண்டார். அந்நாளில் கதாகாலட்சேபம் கேட்காத தமிழர் குடும்பம் இல்லை. நந்தனைப் பண்ணையார் அதட்டும் மெட்டுகள் குழந்தைகளுக்கும் மனப்பாடம். அம்மெட்டில் விஞ்ச் துரை சிதம்பரம் பிள்ளையை அதட்டுவதாகவும், பிள்ளை மறுமொழி கூறுவதாகவும் பாடல் செய்தார். அதே சரித்திரத்தின் வேறு மெட்டுகளில், சுயராச்சியம் வேண்டிய இந்தியனை ஆங்கிலேய அதிகாரி இழித்துரைப்பதையும், மிதவாதிகள் கையைப் பிசைவதையும் பாடினார்.

இதன் ஆழத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். மெட்டைக் கேட்ட கணமே, விஞ்ச் துரை யார், பிள்ளை யார் என்று கேட்பவனுக்குப் பிடிபட்டுவிடும். ஒருவர் பண்ணை ஆண்டை. மற்றவர் கோயிலுக்குப் போகத் துடித்த பண்ணையாள். தில்லை தரிசனம் யாருக்குக் கிட்டியது என்பதும் கேட்பவனுக்குத் தெரியும். ஆகவே வழக்கு எங்கே சென்று முடியும் என்பதைப் பாட்டு சொல்லாமலே சொல்லிவிட்டது. அதே வேளையில், நந்தன் கதையைக் கேட்டு உருகி, நந்தனின் இனத்தாரைத் தெருவிலும் விடாத மேற்குலத்துச் சுதேசிகளின் முகத்திலும் அப்பாட்டு லேசாக அறைந்தது. வெள்ளைக்காரன் கண்ணில் நீங்கள் எல்லோரும் நந்தன்தான் என்பதல்லவா அதன் உட்பொருள்? அரசாங்கம் தாளைப் பறிமுதல் செய்யலாம். மெட்டைப் பறிமுதல் செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இனி மறுபக்கம். கேலி எப்போதும் நியாயமாக இருந்ததா? இல்லை என்றே சொல்லவேண்டும். இராமலிங்க அடிகளின் அருட்பாடல் ஒன்றைத் திரித்துக் கோகலேயைச் சாமியாராக்கிப் பாடினார். மார்லியின் சீர்திருத்தத்தை நம்பிய கோகலேயின் அரசியல் தவறாக இருக்கலாம். ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி வேண்டுமென்று பின்னர்ச் சட்டசபையில் மன்றாடிய மனிதர் அவரே. சென்னை மிதவாதிகளின் தலைவர் வி. கிருஷ்ணசாமி ஐயரையும் பாரதியார் தம் இதழில் விட்டுவைக்கவில்லை. அந்தக் கிருஷ்ணசாமி ஐயர்தாம், பாரதியாரின் தேசப் பாடல்களைக் கேட்டு உள்ளம் உருகி, தம் கைப்பொருளைச் செலவிட்டு 15,000 பிரதிகள் அச்சிட்டுப் பள்ளிகளுக்கு இலவசமாக வழங்கினார். தம்மைத் திட்டியவரின் பாட்டை ஊருக்கெல்லாம் பரப்பிய அப்பெருந்தன்மையைச் சொல்வதா, அதன் பிறகும் கட்சியில் வளையாத கவிஞரின் உறுதியைச் சொல்வதா? இரண்டும் அக்காலத்துக்கே உரியவை. ஆயினும் 'இந்தியா' ஒன்றையே படித்த ஒருவன் கோகலேயைப் பற்றியும் கிருஷ்ணசாமி ஐயரைப் பற்றியும் அரைகுறையாகவே அறிந்திருப்பான். சிரிப்பு ஒரு மனிதனின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். நம் வீட்டுப் பெரியவர் கையிலுள்ள செய்தித்தாளுக்கு வேலை இருக்கிறது என்பது இங்கே தெரிகிறது.

1908-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் பொறுமை தீர்ந்தது. ஜூன் மாதத்தில் பத்திரிகைகளை ஒடுக்கப் புதுச் சட்டம் பிறந்தது. ஜூலை 7-ஆம் நாள் சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த அடி 'இந்தியா'வின்மேல் விழுந்தது. சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் என்பவர் எழுதியவர் அல்லர். அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே. அப்படிப் பெயர் கொடுத்திருந்தவர் எம். சீனிவாசன் என்னும் இளைஞர். எழுதியவர் பாரதியார், பணம் போட்டவர் திருமலாச்சாரியார், பிடிபட்டவர் சீனிவாசன். அவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை கிடைத்தது. பாரதியாரோ நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றுவிட்டார்.

இதை நாம் மூடி மறைக்க விரும்பவில்லை. பாரதியாரின் வாழ்க்கையை எழுதுவோர் பலர் இவ்விடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அவர் சிறை சென்றிருந்தால் 'பாஞ்சாலி சபதம்' கிடைத்திருக்குமா, 'குயில் பாட்டு' கிடைத்திருக்குமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. சிதம்பரம் பிள்ளையைச் செக்கிழுக்க வைத்த அந்த அரசாங்கம், மெலிந்த உடல் படைத்த கவிஞரை உயிரோடு திருப்பியனுப்பியிருக்குமா என்பதும் ஐயமே. ஆனாலும் நாட்டார் சிரித்த சிரிப்புக்கு ஐந்தாண்டு விலை கொடுத்த சீனிவாசனின் பெயர் எந்த விழா மேடையிலும் ஒலிப்பதில்லை. இந்த எளிய மலரிலாவது அப்பெயர் அச்சேறட்டும் என்று நாம் எண்ணினோம்.

புதுச்சேரியில் 1908 அக்டோபரில் 'இந்தியா' மீண்டும் உயிர் பெற்றது. மண்டயத்தார் அங்கும் கைவிடவில்லை. 'விஜயா' என்னும் நாளிதழும் வேறு சில இதழ்களும் அங்கிருந்து வெளிவந்தன. பிரெஞ்சு மண்ணில் அச்சிடலாம். ஆனால் படிக்க வேண்டியவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். எல்லையில் தபாலைத் தடுத்துவிட்டால் இதழ் தானே சாகும் என்று அரசாங்கம் கண்டுகொண்டது. சந்தாதாரர் வீட்டுக்குப் போலீசார் வந்தனர். 1910 தொடக்கத்தில் 'இந்தியா' நின்றது. கேலிச்சித்திரங்களுக்காகவே தமிழும் ஆங்கிலமும் கலந்து 'சித்ராவளி' என்ற மாத இதழ் நடத்தவும் பாரதியார் திட்டமிட்டிருந்தார். அக்கனவு அறிவிப்போடு நின்றுவிட்டது.

அதன்பின் வந்த ஆண்டுகள் வறுமை ஆண்டுகள். கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தவை அவ்வாண்டுகளில்தாம் என்பதை நம் வாசகர் அறிவர், ஆகவே விரிக்கவில்லை. ஒற்றர் தெருவில் நடமாட, எழுத இதழின்றி, எழுதினால் அச்சிடுவாரின்றிப் பத்திரிகையாளர் பாரதி ஏறக்குறைய ஐந்தாண்டு மௌனமாக இருந்தார்.

1915-இல் சுதேசமித்திரன் ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் வந்தபின் பாரதியாருக்கு அதன் கதவு திறந்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். வெளிப்படையாக எதுவும் எழுத முடியாது. முன்பு சிங்கம்போல் கர்ஜித்தவர் இப்போது புன்னகையோடு கதை சொல்லத் தொடங்கினார். 'தராசு' என்று ஒரு பகுதி எழுதினார். அவரிடம் பேசும் தராசு ஒன்று இருக்கிறதாம். வருபவர் கேள்வி கேட்பாராம். தராசு நிறுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுமாம். சாதி, சாமியார், உத்தியோகம், தமிழ், போர் என எதையும் அந்தத் தட்டில் வைக்கலாம். எழுதியவர் மேல் பழி இல்லை; தராசு சொன்னது, அவ்வளவுதான். இன்று தொலைக்காட்சியில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு அது பேசுவதாகச் சொல்லி அரசியலைக் கிண்டல் செய்கிறார்களே, அதற்கு இத்தராசு பாட்டன் முறை.

'காக்காய் பார்லிமெண்ட்' என்னும் சிறு கதை இன்னும் சுவையானது. உடுப்பியிலிருந்து ஒரு சாமியார் அவரைத் தேடி வருகிறார் (கன்னட நாடு இங்கும் வந்துவிட்டது பாருங்கள்). காக்கைகளின் மொழியை அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். அதன் பிறகு காக்கைகள் கூட்டம் கூடிப் பேசுவதெல்லாம் கவிஞருக்குப் புரிகிறது. அக்கூட்டத்தில் காக்கையரசன் அறிவிக்கும் செய்தி என்ன? ருஷிய நாட்டிலிருந்து கொக்குகள் வந்தனவாம். அங்கே ஜார் சக்கரவர்த்தி வேண்டுமென்று ஒரு கட்சி, வேண்டாமென்று ஒரு கட்சியாம். ஜாரின் அரியணை ஆடிக் கவிழ்ந்த காலத்துப் பெருஞ்செய்தி இது. தந்திக் கம்பியில் தணிக்கை இருந்தது. வானத்தில் வரும் கொக்குக்குத் தணிக்கை இல்லை. அதோடு, ஊர்ச் செய்தியை உண்மை என்று நம்பிக் கூச்சலிடும் சபைகளையும், வதந்தியை வைத்துக்கொண்டு பேரரசுகளின் தலைவிதியை முடிவு செய்யும் பத்திரிகைகளையும் அக்காக்கைகள் ஒருங்கே நையாண்டி செய்துவிடுகின்றன. செய்தியும் சொல்லி, செய்தி சொல்லும் முறையையும் கேலி செய்யும் இந்த இரட்டைத் தொழிலே நாம் இக்கட்டுரையில் தேடிய பொருள்.

பத்திரிகைத் தமிழையும் அவர் நிறுத்துப் பார்க்காமல் விடவில்லை. தமிழ்ப் பத்திரிகை எழுதுவோர் மனத்துக்குள் ஆங்கிலத்தில் நினைத்துவிட்டுத் தமிழில் எழுதுகின்றனர்; அதனால் ஆங்கிலம் அறியாதவனுக்கு அது விளங்குவதில்லை என்று குறைப்பட்டார். எழுதப்போகும் செய்தியை ஆங்கிலம் தெரியாத தமிழன் ஒருவனிடம் வாயால் சொல்லிக் காட்டி, அவனுக்குப் புரிகிறதா என்று பார்த்துக்கொண்டு எழுதவேண்டும் என்பது அவர் கூறிய வழி. தம்மையும் கேலிக்கு விலக்காக்கவில்லை. மெம்பர் என்ற சொல்லுக்கு ஏற்ற தமிழ் தேடி ஒவ்வொன்றாகச் சொற்களை எண்ணிப் பார்த்து, எதுவும் மனத்துக்குப் பொருந்தாமல், கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டுத் தம் தோல்வியைத் தாமே சிரித்து ஒப்புக்கொண்டார். நம் சங்கத்திலும் உறுப்பினர் என்று இரசீதில் அச்சிட்டுவிட்டு, வாயால் மெம்பர் என்றே கூப்பிடுகிறோம். பாரதியார் கேட்டால் மகிழ்வார்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளிவந்தவுடன் கடலூரில் கைதானார். டிசம்பரில் சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு விடுதலையானார். கடையத்தில் மனைவியாரின் ஊரில் ஈராண்டு கழிந்தது. 1920 இறுதியில் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் மீண்டும் உதவியாசிரியராக அமர்ந்தார். 21 வயதில் எந்த மேசையிலிருந்து தொழிலைத் தொடங்கினாரோ, ஊர்சுற்றி வந்து அதே இதழின் மேசைக்கே திரும்பினார். திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தாக்குண்டது அந்நாட்களில்தான். தேறி எழுந்து வேலைக்குச் சென்றார்.

1921-இல் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்து வாசகசாலை ஆண்டு விழாவுக்குப் பேச அழைக்கப்பட்டார். மனிதனுக்கு மரணமில்லை என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். திரும்பிவந்து அப்பயணத்தைச் சுதேசமித்திரனுக்கு எழுதி அனுப்பினார். அதில் தத்துவம் பின்னால்தான் வருகிறது. தம்மை ஏற்றிச் சென்ற குதிரைவண்டி எவ்வளவு சிறியது என்ற வேடிக்கை முன்னால் வருகிறது. உடல் மிக நலிந்திருந்த ஒருவர் எழுதியது என்று அதைப் படித்தால் நம்ப இயலாது.

செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு கண்டது. மருந்து உண்ண மறுத்தார். செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு நண்பர்கள் சூழ இருந்தனர். அப்போதும் அவர் பேச்சு அலுவலகத்தைப் பற்றியே இருந்தது. ஆப்கானிஸ்தானத்து மன்னர் அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி விடிந்ததும் பத்திரிகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நள்ளிரவு கடந்து அவர் உயிர் பிரிந்தது. அமானுல்லா கானைப் பற்றிய கட்டுரை எழுதப்படவில்லை.